படக்குழாயில் ஓடும் மின்னோட்டத்தைத் தொலைக்காட்சி அளக்கும் விதம்

கண்ணாடிப் படக்குழாய் பொருத்திய தொலைக்காட்சிகள் கடைகளிலிருந்து மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றாலும், பழைய வீடியோ கேம் விளையாடுவோரும் பழுது பார்ப்பதில் நாட்டமுள்ள இளைஞர்கள் சிலரும் அவற்றை இன்னும் தேடி வாங்குகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. ஒலி சரியாக இருக்கிறது, குழாயின் கழுத்தில் ஹீட்டர் சிவந்து எரிகிறது, ஆனோடில் உயர் மின்னழுத்தமும் இருக்கிறது, ஆனாலும் திரை கறுப்பாகவே நிற்பது ஏன் என்பதே அது. முக்கிய ஐ.சி.யை மாற்றி, உயர் மின்னழுத்தம் தரும் எல்.ஓ.டி. டிரான்ஸ்பார்மரையும் மாற்றிப் பார்த்து அலுத்த பிறகு கேட்பவர்களே அதிகம். இத்தகைய செட்டுகள் பலவற்றில் படச் சமிக்ஞை எந்தக் குறையும் இல்லாமல் தயாராகவே இருக்கிறது. படக்குழாயில் மின்னோட்டம் ஒழுங்காக ஓடுகிறது என்று சொல்ல வேண்டிய சுற்று அதைச் சொல்லாததால், செட் தானாகவே திரையை மூடி வைத்திருக்கிறது. அந்தச் சுற்றைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

வண்ணப் படக்குழாயின் கழுத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கென எலெக்ட்ரான் கற்றையை உமிழும் மூன்று கேத்தோடுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 200 வோல்ட் மின்வழங்கலில் இயங்கும் ஒரு வீடியோ பெருக்கி இயக்குகிறது. கேத்தோடின் மின்னழுத்தம் உயரும்போது கற்றை அடங்குகிறது. தாழும்போது கற்றை வலுக்கிறது. எலெக்ட்ரான்கள் கேத்தோடிலிருந்து 25,000 வோல்ட் அளவிலுள்ள ஆனோடுக்குப் பாய்வதால், வழக்கமான மின்னோட்டத் திசையில் சொன்னால், மின்னோட்டம் எல்.ஓ.டி.யிலிருந்து ஆனோடு வழியே குழாய்க்குள் நுழைந்து, கேத்தோடு வழியே வெளியேறி, வீடியோ பெருக்கிக்குள் இறங்கிச் சுற்றின் தரை இணைப்புக்குச் செல்கிறது. ஆகவே அதை அளக்க இரண்டு இடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, கேத்தோடுக்கும் பெருக்கிக்கும் இடையே, மற்றொன்று, எல்.ஓ.டி.யின் உயர் மின்னழுத்தச் சுருளின் அடி முனையில். முதலாவது இடத்தில் மைக்ரோஆம்பியர் கணக்கில் நிறத்தின் ஒழுங்கும், இரண்டாவது இடத்தில் மில்லிஆம்பியர் கணக்கில் செட்டின் பாதுகாப்பும் கவனிக்கப்படுகின்றன.

ஒரே இடத்தில் அளந்து இரண்டையும் செய்துவிட முடியாதா என்று கேட்கலாம். முடியாது. அடி முனையில் வரும் மின்னோட்டம் மூன்று துப்பாக்கிகளின், அதாவது கேத்தோடும் அதைச் சுற்றிய மின்வாய்களும் கொண்ட மூன்று அமைப்புகளின், கூட்டுத் தொகையாக வருகிறது. குழாயின் உள்பூச்சும் வெளிப்பூச்சும் சேர்ந்து ஒரு பெரிய கண்டென்சராக நிற்பதால், ஒரு கிடைக்கோட்டின் 64 மைக்ரோசெகண்டுக்குள் நிகழும் மாற்றம் அங்கே எட்டுவதே இல்லை. போதாக்குறைக்கு, கற்றையைக் குவிக்கும் ஃபோகஸ், கற்றையை முன்னே இழுக்கும் ஸ்கிரீன் ஆகிய மின்னழுத்தங்களைப் பிரித்தெடுக்கும் மின்தடைத் தொடரும் அதே சுருளிலிருந்து சிறு மின்னோட்டத்தை எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கிறது. இதற்குள் பத்து மைக்ரோஆம்பியரைத் தேடிப் பயனில்லை.

அந்தப் பத்து மைக்ரோஆம்பியர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேத்தோடுக்கும் கற்றை முற்றிலும் அணையும் மின்னழுத்தம் ஒன்று உண்டு. ஒரே குழாய்க்குள் இருக்கும் மூன்று துப்பாக்கிகளுக்கும் அது ஒன்றாக இருப்பதில்லை. மின்வாய்களுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளி வேறுபாடே பல வோல்ட் வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். குழாய் சூடாகும்போது அது நகர்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, கேத்தோடின் எலெக்ட்ரான் உமிழ்வு குறையும்போதும் நகர்கிறது. கண்ணுக்கு இது எங்கே தெரியும் என்றால், இருண்ட காட்சிகளில்தான். சிவப்புத் துப்பாக்கியின் அணையும் புள்ளி சற்றே விலகியிருந்தால், பகல் காட்சிகள் சரியாகத் தெரிய, இரவுக் காட்சியின் நிழல்கள் மட்டும் செம்மையேறித் தெரியும். இதற்கு மாறாக, வெண்மையான பகுதிகளில் மட்டும் நிறம் தட்டினால் அது அணையும் புள்ளியின் பிழையன்று, பெருக்கத்தின் பிழை. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் இந்த வேறுபாடு எவருக்கும் விளங்கிவிடும். சாதாரண ஒளிபரப்பில் தேடினால் குழப்பமே மிஞ்சும்.

முற்காலச் செட்டுகளில் இந்தச் சமநிலையைக் கையால் அமைத்தார்கள். சர்வீஸ் சுவிட்சைத் தட்டினால் செங்குத்து விலக்கம் நின்று, படம் ஒற்றைக் கிடைக்கோடாகச் சுருங்கும். ஸ்கிரீன் மின்னழுத்தத்தை மாற்றும் ஸ்கிரீன் வால்யூமையும், மூன்று கேத்தோடுகளின் நிலையை அமைக்கும் பயாஸ் பிரிசெட் திருகுகளையும் திருப்பி, மூன்று நிறக் கோடுகளும் மிக மங்கலாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவார்கள். தேர்ந்த மெக்கானிக்கின் கையில் இது அழகாக அமையும். ஆனால் குழாய் மூப்படைவது நிற்பதில்லை. ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் திருப்ப வேண்டியிருக்கும். குழாயே தன் மின்னோட்டத்தைச் சொல்ல, சுற்று தன்னைத் திருத்திக்கொள்ளும் முறை இதனால்தான் தோன்றியது. பிலிப்ஸின் டிடிஏ3562ஏ போன்ற வண்ண டிகோடர் ஐ.சி.களில் கறுப்பு மின்னோட்ட நிலைப்படுத்தல் உள்ளேயே அமைந்திருந்தது. குழாயின் மின்னோட்டத்தை ஐ.சி.க்குச் சொல்லும் பின்னூட்டக் கம்பி சோனி சுற்றுப்படங்களில் ஐ.கே. என்றும், அமெரிக்க நூல்களில் இந்த ஏற்பாடு முழுவதும் ஏ.கே.பி. என்றும் குறிக்கப்படும்.

இனி அளக்கும் சுற்றின் நுட்பத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கேத்தோடு நிற்பது 150 வோல்ட் அளவில். அளவை அறிய வேண்டிய ஐ.சி. இருப்பதோ தரையை ஒட்டிய சில வோல்ட்டில். கேத்தோடின் கம்பியில் ஒரு மின்தடையைத் தொடராகப் போட்டு அதன் இரு முனைகளையும் அளப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் அந்தக் கம்பியில் பல மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வீடியோ சமிக்ஞை நூறு வோல்ட்டுக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கிறது, அதற்கு நடுவே சிறு வேறுபாட்டைப் பிரித்தெடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பெருக்கியின் தரைக் கம்பியில் அளக்கலாம் என்றால், பெருக்கி தனக்கென்று இழுக்கும் சில மில்லிஆம்பியருக்குள் நமது மைக்ரோஆம்பியர்கள் மறைந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தது ஒரே ஒரு பி.என்.பி. டிரான்சிஸ்டர். அதன் எமிட்டர் கேத்தோடுக்கும், பேஸ் பெருக்கியின் வெளியீட்டுக்கும், கலெக்டர் ஒரு மின்தடை வழியாகத் தரைக்கும் இணைக்கப்படுகின்றன. கேத்தோடின் மின்னழுத்தத்தைப் பேஸ் தீர்மானிக்கிறது. கேத்தோடிலிருந்து வெளிவரும் மின்னோட்டமோ, எமிட்டரில் நுழைந்து பேஸில் மிகச் சிறு பங்கை மட்டும் விட்டுவிட்டு, ஏறக்குறைய முழுமையாகக் கலெக்டர் வழியே இறங்குகிறது. எமிட்டர் 150 வோல்ட்டில் இருந்தாலும் 100 வோல்ட்டில் இருந்தாலும் கலெக்டரில் வரும் மின்னோட்டம் அதேதான். அங்கே 1,00,000 ஓம் மின்தடை இருந்தால், 10 மைக்ரோஆம்பியருக்கு 1 வோல்ட் கிடைக்கும். அதை எந்த ஐ.சி.யும் எளிதாக வாசிக்கும்.

இதோடு வேலை முடிந்துவிடவில்லை. படம் ஓடும்போது ஒரு துப்பாக்கியின் மின்னோட்டம் சில மில்லிஆம்பியர் வரை உயரும். 3 மில்லிஆம்பியர் அதே மின்தடையில் ஓடினால் 300 வோல்ட் வேண்டும். அது சாத்தியமில்லை என்பதால் டிரான்சிஸ்டர் நிறைவுற்றுப் படமே கெட்டுவிடும். எனவே கலெக்டர் பக்கத்தில் ஒரு ஜீனர் டயோடு நின்று மின்னழுத்தத்தைச் சில வோல்ட்டுக்குள் கட்டிவைக்கிறது. அடுத்து, பி.என்.பி. டிரான்சிஸ்டர் கேத்தோடைக் கீழே இழுக்க மட்டுமே வல்லது. மேலே தள்ள வேண்டிய நேரத்தில் அது கடத்தாமல் நின்றுவிடும். அதற்காகப் பேஸிலிருந்து எமிட்டருக்கு ஒரு டயோடைப் போடுகிறார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய இடையூறு கேத்தோடின் கொள்ளளவு. கேத்தோடும் சாக்கெட்டும் கம்பியும் சேர்ந்து சுமார் 10 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தாவும் விளிம்பில் 100 வோல்ட் மாற்றம் 100 நானோசெகண்டில் நிகழ்ந்தால், அந்தக் கொள்ளளவை வெறுமையாக்க மட்டும் 10 மில்லிஆம்பியர் ஓடும். நாம் தேடும் அளவைப் போல் அது ஆயிரம் மடங்கு. ஆகவே படம் ஓடும் நேரத்தில் அளப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கற்றை கீழிருந்து மேலே திரும்பும் செங்குத்து மீள்வு முடிந்து படம் தொடங்கும் முன் கிடைக்கும் சில கோடுகளில், சமிக்ஞை அமைதியாக இருக்கும்போது, ஐ.சி. தானே அளவுக் கோடுகளை எழுதுகிறது. முதலில் மூன்று துப்பாக்கிகளையும் அணைத்து, அப்போதும் கம்பியில் வரும் கசிவு மின்னோட்டத்தை அளந்து நினைவில் வைக்கிறது; ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையிலான கசிவு, டிரான்சிஸ்டரின் கசிவு எல்லாம் இதில் அடங்கிவிடும். அடுத்து சிவப்பை மட்டும் மங்கலாக ஏற்றி ஒரு கோடு, பச்சையை ஏற்றி ஒரு கோடு, நீலத்தை ஏற்றி ஒரு கோடு. ஒவ்வொன்றிலும் கசிவைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைக் குறிக்கப்பட்ட அளவோடு ஒப்பிட்டு, அந்தந்த நிறத்தின் கறுப்பு நிலையைச் சற்று உயர்த்தவோ தாழ்த்தவோ செய்கிறது. 50 ஹெர்ட்ஸ் முறையில் இது 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. இடைப்பட்ட நேரம் முழுவதும், பழைய ஐ.சி.களில், ஒரு கண்டென்சர்தான் அந்தத் திருத்தத்தைப் பிடித்து வைத்திருந்தது. அது கசியத் தொடங்கிய செட்டில் ஒரு நிறம் மட்டும் மெதுவாக மாறும். அதைப் படக்குழாயின் குறை என்று எண்ணிக் குழாயையே கழித்துவிட்டவர்களும் உண்டு.

இந்த அளவுக் கோடுகளைக் கண்ணால் காணலாம். செங்குத்து உயரத்தைக் குறைத்தால், படத்தின் மேல் விளிம்புக்கு மேலே சிவப்பு, பச்சை, நீலம் என மெல்லிய கோடுகள் தோன்றும். பழுது என்று பதற வேண்டியதில்லை. அவை தெரிவது அளக்கும் ஐ.சி. தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதற்குச் சான்று.

வேறு வழியில் அளந்தவர்களும் இருந்தார்கள். 1980-களில் அமெரிக்காவின் ஆர்சிஏ பின்பற்றிய முறையில், கேத்தோடைத் தாழ்த்துவதற்குப் பதிலாகக் கட்டுப்பாட்டுக் கிரிட்டுக்கு ஒரு நேர்மின் துடிப்பைக் கொடுத்து, அதனால் கேத்தோடில் எழும் மின்னோட்டத் துடிப்பை உணர்ந்தார்கள். கருத்து நேர்த்தியானதுதான். எனினும் பி.என்.பி. வழி எளிமையாக இருந்ததோடு, பிற்பாடு ஒரே ஐ.சி.க்குள் அடங்கவும் வசதியாக இருந்தது. டிடிஏ6107 என்ற ஒன்பது கால் வீடியோ பெருக்கி ஐ.சி.யைப் படக்குழாயின் கழுத்தில் மாட்டியிருக்கும் பேஸ் போர்டில் பார்க்காத மெக்கானிக் நம் ஊரில் இருக்க மாட்டார். மூன்று உள்ளீடு, மூன்று வெளியீடு, ஒரு தரை, ஒரு 200 வோல்ட் போக, எஞ்சிய ஐந்தாம் கால்தான் நாம் பேசும் கால். மூன்று கேத்தோடுகளின் மின்னோட்டமும் கூட்டாக அதன் வழியே வெளிவந்து, ஒற்றைக் கம்பியாக முதன்மைப் போர்டுக்குச் செல்கிறது. எந்தக் கோட்டில் எந்த நிறத்தை ஏற்றினோம் என்பது முதன்மை ஐ.சி.க்குத் தெரியும் என்பதால், ஒரே கம்பி போதுமானதாகிறது. ஐந்தாம் காலில் உலர்ந்த சால்டர் இருந்தால் என்ன நடக்கும் என்பதை இப்போது எவரும் ஊகிக்கலாம்.

முதலில் கேட்ட கேள்விக்கு விடையும் அதில் இருக்கிறது. செட்டை ஆன் செய்தவுடன் கேத்தோடுகள் குளிர்ந்திருக்கும், மின்னோட்டம் வராது. அந்த நிலையில் பின்னூட்டத்தைத் திறந்துவிட்டால், ஐ.சி. மின்னோட்டத்தைத் தேடிக் கறுப்பு நிலையை எல்லை வரை ஏற்றிவிடும். குழாய் சூடானதும் திரை கண்ணைக் கூசும்படி எரியும். அதைத் தடுக்க, அளவுக் கோடுகளில் மின்னோட்டம் தென்படும்வரை படத்தை அணைத்தே வைக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து விநாடிக்குப் பிறகு படம் சட்டென்று வருவது இதனால்தான். ஏதேனும் ஒரு துப்பாக்கியின் உமிழ்வு மிகவும் தளர்ந்திருந்தாலோ, ஸ்கிரீன் மின்னழுத்தம் குறைந்திருந்தாலோ, பின்னூட்டக் கம்பி துண்டித்திருந்தாலோ, அந்த உறுதி கிடைக்காமல் திரை கறுப்பாகவே நிற்கும். சோனியின் பிற்கால டிரினிட்ரான் செட்டுகள் பல இந்த நிலையில் ஸ்டாண்ட்பை விளக்கை ஐந்து முறை சிமிட்டிக் காட்டும். பிலிப்ஸின் டிடிஏ884எக்ஸ் வரிசையில், பின்னூட்டம் எல்லைக்குள் இல்லை என்பதை மைக்ரோகன்ட்ரோலர் வாசித்து அறியும் வசதி உண்டு.

ஸ்கிரீன் வால்யூமைச் சற்று ஏற்றினால் படம் வந்துவிடும் என்பது பலரும் அறிந்த வைத்தியம். சோதனையாக அது நல்லது. ஏற்றியவுடன் படம் வந்தால், பின்னூட்டக் கம்பி முழுமையாக இருக்கிறது, குழாய்தான் தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஏற்றியதும் படமே இல்லாமல் சாய்வான மீள்வுக் கோடுகளோடு வெறும் வெளிச்சம் மட்டும் வந்தால், குழாய்க்குள் மின்னோட்டம் ஓடியும் அந்தச் செய்தி ஐ.சி.யை எட்டவில்லை என்று பொருள். பேஸ் போர்டின் பக்கம் தேட வேண்டும். ஆனால் ஏற்றியதை அப்படியே விட்டு முடிப்பதை நான் ஒப்புவதில்லை. நல்ல இரண்டு துப்பாக்கிகளையும் தேவைக்கு மேல் திறந்துவைத்து, பின்னூட்டத்தின் எஞ்சிய எல்லையையும் அது தின்றுவிடுகிறது. பின்னூட்டக் கம்பியில் போலியான துடிப்பைக் கொடுத்து ஐ.சி.யை ஏமாற்றும் சுற்றுகளையும் சிலர் செய்திருக்கிறார்கள். குழாயின் ஆயுள் முடியப் போகிறது, மாற்றுக் குழாயும் இல்லை என்ற நிலையில் அதைக் குறை சொல்ல மாட்டேன். வேறெந்த நிலையிலும் அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

எல்லாச் செட்டுகளிலும் இந்தச் சுற்று இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. சான்யோவின் எல்ஏ76810 போன்ற ஒற்றை ஐ.சி.களை வைத்து வந்த விலை குறைந்த 14, 21 அங்குலச் செட்டுகளில் கேத்தோடு மின்னோட்டத்தை யாரும் அளப்பதில்லை. சர்வீஸ் மெனுவில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கான பயாஸ் எண்களை மெக்கானிக்கே மாற்ற வேண்டும். பிரிசெட் போய் எண் வந்ததே அங்கு நிகழ்ந்த முன்னேற்றம். வேடிக்கை என்னவென்றால், தளர்ந்த குழாயோடு இவை படத்தை மங்கலாகவேனும் காட்டிக்கொண்டே இருக்கும். விலையுயர்ந்த செட்டோ திரையை மூடிவிடும். அதனால் முன்னதே நல்ல செட் என்று சொல்பவர்களோடு நான் வாதிடுவதில்லை.

இரண்டாவது இடத்துக்கு, அதாவது எல்.ஓ.டி.யின் அடி முனைக்கு வருகிறேன். சுற்றுப்படங்களில் ஏ.பி.எல். (தானியங்கி வெளிச்ச வரம்பு) என்று எழுதியிருக்கும் கால் அது. 25,000 வோல்ட்டில் 1 மில்லிஆம்பியர் என்றால் 25 வாட். அதன் பெரும்பகுதி திரையில் ஒளிரும் பாஸ்பர் பூச்சுக்குப் போவதில்லை. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு எலெக்ட்ரான்கள் திரைக்குப் பின்னுள்ள துளையிட்ட நிழல் முகமூடித் தகட்டிலேயே மோதி வெப்பமாகின்றன. தகடு சூடாகிப் புடைத்தால் நிறம் இடம் மாறும். உயர் மின்னழுத்தமும் சுமையால் தாழும், அதனால் படம் பெருத்து மங்கும். எல்.ஓ.டி.யை இயக்கும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டருக்கும் அது கேடு. ஆகவே சராசரி மின்னோட்டத்துக்கு ஒரு வரம்பு வேண்டும்.

இங்கே அளப்பது எளிது. அடி முனையைத் தரையில் நேராக இணைக்காமல், ஒரு பெரிய மின்தடை வழியாக பி பிளஸ் எனப்படும் செட்டின் முதன்மை மின்வழங்கலோடு இணைத்து, ஒரு கண்டென்சரைத் தரைக்குப் போடுகிறார்கள். குழாய்க்குள் போகும் மின்னோட்டம் முழுவதும் அந்த மின்தடை வழியேதான் வந்தாக வேண்டும். எடுத்துக்காட்டாக, 110 வோல்ட்டிலிருந்து 1,00,000 ஓம் வழியே 1 மில்லிஆம்பியர் ஓடினால், காலில் 10 வோல்ட் மட்டுமே மிஞ்சும். இன்னும் கூடினால் சுழிக்கும் கீழே போய்விடும். இந்தத் தாழ்வைக் கண்டதும் ஐ.சி. முதலில் கான்ட்ராஸ்டையும், அதுவும் போதாதபோது பிரைட்னஸையும் குறைக்கிறது. கண்டென்சர் பல கோடுகளின் சராசரியை எடுத்துத் தருவதால், ஒரு சிறு வெள்ளைப் புள்ளியின் உச்ச மின்னோட்டம் இங்கே தெரியாது. அதற்கென்று தனியே உச்ச வெண்மை வரம்பு வைத்திருப்பார்கள். பழுது பார்ப்பவருக்கு இங்கே நினைவில் இருக்க வேண்டியது, அந்தப் பெரிய மின்தடை ஆண்டுக்கணக்கில் சூட்டில் நின்று மதிப்பு உயர்ந்துபோகும் என்பதே. மின்னோட்டம் குறைவாக இருந்தாலும் அதிகம் என்று ஐ.சி. எண்ணிக்கொண்டு படத்தை இருளாக்கும். குழாய் தளர்ந்துவிட்டது என்று தள்ளிவைத்த செட்டுகளில், இந்த ஒரு மின்தடையை மாற்றியதும் பளிச்சென்று ஆனவை இருக்கின்றன. கண்டென்சர் கசிந்தாலும் இதே அறிகுறிதான். இந்தக் கம்பியைத் துண்டித்து வெளிச்சத்தைக் கூட்டுவதை மட்டும் எவரும் செய்ய வேண்டாம், எல்.ஓ.டி. அதைத் தாங்குவது உறுதியில்லை.

கேத்தோடுப் பின்னூட்டத்துக்கு மற்றொரு பயனையும் பிற்கால ஐ.சி.களில் கண்டுபிடித்தார்கள். செட்டை அணைத்ததும் ஆனோடின் கொள்ளளவில் மின்னூட்டம் தங்கி, விலக்கம் நின்ற பிறகு திரையின் நடுவில் ஒரு புள்ளியாக எரியும். அதைத் தடுக்க, விலக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே அளக்கும் கம்பியைக் கொண்டு குழாயில் 1 மில்லிஆம்பியரை நிலையாக ஓடவிடுகிறார்கள். கொள்ளளவு 1,500 பிக்கோஃபாரட் என்றால், 25,000 வோல்ட்டில் தேங்கிய மின்னூட்டம் 40 மில்லிசெகண்டுக்குள் தீர்ந்துவிடும்.

வீடியோ கேம் பெட்டிக்காகத் தம் செட்டில் ஆர்.ஜி.பி. உள்ளீடு சேர்க்க விரும்புவோர் இவ்வளவையும் அறிந்த பிறகு கம்பியைச் சேர்க்க வேண்டும். பேஸ் போர்டின் மூன்று உள்ளீடுகளைத் துண்டித்து வெளிச் சமிக்ஞையை நேராகக் கொடுத்தால், அளவுக் கோடுகள் குழாயை எட்டமாட்டா, பின்னூட்டத்துக்குப் பதில் கிடைக்காது, ஏ.பி.எல்.லின் கட்டுப்பாடும் அந்தச் சமிக்ஞையின் மீது செல்லாது. முதன்மை ஐ.சி.யில் திரை எழுத்துகளுக்கென்று இருக்கும் ஆர்.ஜி.பி. உள்ளீட்டிலும் அதன் சுவிட்ச் காலிலும் இணைத்தால், அளவுக் கோடுகள் அதற்குப் பின்னால் சேர்க்கப்படுவதால் பின்னூட்டம் வழக்கம்போல் இயங்கும்.